காரணம் சொல்லாதீர்கள் என்று எழுதியவள்

திருப்பதியில் வீடு வைத்திருப்பவர்களுக்குச் சொந்தக்காரர்கள் குறைவதே இல்லை. நகரியிலிருந்து கல்யாணமாகி வந்த முதல் மாதத்திலேயே எனக்கு இது புரிந்துபோயிற்று. சித்தப்பாவின் சம்பந்தி வருவார். அவர் ஆபீஸில் கூட வேலை பார்ப்பவர் வருவார். அவருடைய பக்கத்து வீட்டுக்காரர் குடும்பத்தோடு வருவார். மலைக்குப் போகிறவர்கள் எல்லோரும் எங்கள் வீட்டுக் குளியலறையைத் தாண்டித்தான் போவார்கள். பெருமாளுக்கு அடுத்தபடியாக இந்த ஊரில் அதிகம் பேர் வந்து பார்ப்பது என்னைத்தான் என்று என் கணவர் சொல்வார்.

அப்படிப்பட்ட வீட்டுச் சமையலறையில், ஏழு பேருக்கு உப்புமா கிளறிக்கொண்டே, ஒரு கையால் போனில் தட்டி நான் எழுதிய பதிவின் தலைப்பு: 'முடியாது என்று சொல்லப் பழகுங்கள்'.

என் கணவருக்கு ரயில் நிலையத்துக்குப் பக்கத்தில் ஜெராக்ஸ் கடை. பதிவைப் படித்ததும் கடையிலேயே பெரிய எழுத்தில் அச்செடுத்து வந்து, மத்தியானம் சாப்பாட்டுக்கு வந்தபோது ஃப்ரிட்ஜ் கதவில் ஒட்டிவிட்டார். "ஊருக்கு உபதேசம் பண்றவங்க வீட்டுலயும் ஒரு காப்பி இருக்கட்டும்" என்றார். உப்புமா சாப்பிட்ட ஏழு பேரில் ஒரு மாமி அதை நின்று நிதானமாகப் படித்தார். "ரொம்ப நல்லா எழுதிருக்கேம்மா. மனசுக்கு இதமா இருக்கு. நாங்க இன்னும் ரெண்டு நாள் இருந்துட்டே போறோம்" என்றார். நான் அவருக்கு ஃபில்டர் காபி போட்டுக் கொடுத்தேன்.

வலைப்பூ தொடங்கிய கதை ஒன்றும் பெரிதில்லை. மத்தியான நேரத்தில் கடையில் கூட்டம் இருக்காது. கணவர் சாப்பிட்டுவிட்டு ஒரு தூக்கம் போட்டு எழுந்து வரும்வரை கம்ப்யூட்டர் முன்னால் நான் உட்கார்ந்திருப்பேன். ஆதார் நகல் எடுக்க யாராவது வருவார்கள். மற்ற நேரமெல்லாம் ஆங்கிலத்தில் வாழ்க்கையைத் திருத்தும் பக்கங்களைப் படிப்பேன். காலையில் எப்படி எழுவது, கோபத்தை எப்படி அடக்குவது, மனசை எப்படிக் காலியாக வைப்பது. படிக்கப் படிக்க, நாளையிலிருந்து நான் வேறு ஆளாகிவிடுவேன் என்று ஓர் உற்சாகம் வரும். அந்த உற்சாகம் சாயங்காலம் பால் பொங்கி வழியும்வரை இருக்கும்.

இதெல்லாம் தமிழில் நம்மைப் போன்ற பெண்களுக்குக் கிடைத்தால் எவ்வளவு நன்றாக இருக்கும் என்றுதான் தொடங்கினேன். நாலு ஆங்கிலப் பக்கத்தைப் படித்து, ரொட்டியை இட்லியாக்கி, பனியை மழையாக்கினால் ஒரு பதிவு தயார். தறிச் சத்தத்தில் வளர்ந்தவள் நான்; நகரியில் எங்கள் வீட்டில் மெதுவாகப் பேசினால் யாருக்கும் கேட்காது. அதனாலோ என்னவோ எழுத்திலும் எனக்கு அடித்துப் பேசும் பழக்கம். 'செய்யலாம்' என்று எழுத மாட்டேன். 'செய்யுங்கள்' என்றுதான் எழுதுவேன். அது வாசகர்களுக்குப் பிடித்திருந்தது. 'அருமை', 'சூப்பர் மேடம்', 'என் வாழ்க்கையே மாறிவிட்டது' என்றெல்லாம் கீழே எழுதுவார்கள். வாழ்க்கை மாறியவர் அடுத்த வாரப் பதிவுக்கும் வந்து, என் வாழ்க்கையே மாறிவிட்டது என்று எழுதுவார். வாராவாரம் மாறுகிற வாழ்க்கை எப்படிப்பட்டது என்று நான் யோசித்ததில்லை. எனக்குச் சந்தோஷமாக இருந்தது, அவ்வளவுதான்.

அந்த 'முடியாது' பதிவுக்குக் கீழேதான் அவள் முதன்முதலாக வந்தாள். 'மேடம், சொந்தக்காரங்க வீட்டு விசேஷத்துக்கு ரெண்டு நாள் முன்னாடியே வரச் சொல்றாங்க. வீட்டுல வேலை இருக்கு. போக முடியாதுன்னு எப்படிச் சொல்றது? இப்படிக்கு, ராமகுப்பம் பக்கத்திலிருந்து ஒரு வாசகி.'

என்ன விசேஷம் என்று நான் கேட்கவில்லை. எந்தச் சொந்தம், என்ன வேலை என்றும் கேட்கவில்லை. கூடத்தில் யாரோ வெந்நீர் கேட்டுக்கொண்டிருந்தார்கள். அடுப்பில் தண்ணீரை வைத்துவிட்டு, அது சுடுவதற்குள் பதில் எழுதி முடித்துவிட்டேன். 'சகோதரி, "என்னால் வர முடியாது" என்று மட்டும் அமைதியாகச் சொல்லுங்கள். காரணம் சொல்லாதீர்கள். காரணம் சொன்னால் அதை உடைக்கப் பார்ப்பார்கள். உங்கள் நேரம் உங்களுடையது.' எழுதி முடித்ததும் எனக்கே என் மேல் மரியாதை வந்தது. பிறகு வெந்நீரைத் தூக்கிக்கொண்டு போனேன்.

மூன்று மாதம் கழித்து அதே இடத்தில் அவள் மறுபடி எழுதியிருந்தாள். 'மேடம், நீங்க சொன்ன மாதிரியே சொன்னேன். அன்னைலேர்ந்து அண்ணி என்கிட்ட பேசறதில்ல. அடுத்தது என்ன சொல்லணும்?'

எனக்கு முகத்தில் அறைந்த மாதிரி இருந்தது. திட்டியிருந்தால் தாங்கியிருப்பேன், எனக்கும் திட்டத் தெரியும். ஆனால் அவள் அடுத்தது என்ன என்று நம்பிக்கையோடு கேட்கிறாள். 'அருமை' என்று எழுதியவர்களில் யாரும் நான் சொன்னதைச் செய்து பார்த்ததாகத் தெரியவில்லை. செய்து பார்த்தவள் இவள் ஒருத்தி. அவளும் மாட்டிக்கொண்டாள்.

என் நம்பரை அனுப்பினேன். ஐந்து நிமிடத்தில் அழைத்தாள். குரல் சின்னதாக இருந்தது. முப்பது வயதுக்குள்தான் இருக்கும்.

"அக்கான்னு கூப்பிடலாமா?"

"கூப்பிடும்மா. யாரு வீட்டு விசேஷம் அது?"

"எங்க அண்ணி பொண்ணுக்கு மஞ்சத் தண்ணிக்கா."

அண்ணி என்று அவள் சொன்னது கணவனின் அக்காவை. சாந்திபுரத்தில் கட்டிக்கொடுத்திருக்கிறார்கள். அந்த அண்ணியின் ஒரே மகள் பெரியவளாகி, மஞ்சள் நீராட்டு விழா. 

"அப்ப உன் வீட்டுக்காரர்தான் தாய்மாமனா?"

"ஆமாக்கா. சீரு எல்லாம் அவருதான் எடுத்துக்கினு போனாரு."

தாய்மாமன் சீர் என்றால் வெறும் தட்டும் புடவையும் இல்லை. அதை ஏந்திக்கொண்டு முன்னால் வரவேண்டியது மாமன் பெண்டாட்டி. ஊரே வாசலில் நின்று பார்த்துக்கொண்டிருக்கும். அந்த இடத்தில் இவள் இல்லை. யாரோ பக்கத்து வீட்டுப் பெண்ணைக் கூப்பிட்டுத் தட்டைக் கொடுத்திருக்கிறார்கள். ஏன் வரவில்லை என்று கேட்டவர்களுக்கு அண்ணியால் ஒரு பதிலும் சொல்ல முடியவில்லை, ஏனென்றால் அவருக்கே காரணம் தெரியாது. 'என்னால வர முடியாது அண்ணி' என்று அமைதியாகச் சொல்லிவிட்டு இவள் போனை வைத்திருக்கிறாள், என் பதிலில் உள்ளபடி.

"காரணம் கேட்டாங்களா?"

"மூணு வாட்டி கேட்டாங்கக்கா. நீங்க சொல்ல வாணாம்னீங்க இல்ல, சொல்லல."

"நெஜமாவே என்னதான்ம்மா வேலை?"

"பட்டுப்புழு வச்சிருக்கோம். நாலாம் ஜுரம் முடிஞ்சு எழுந்த நேரம்க்கா அது."

புழு தோல் உரிக்கப் படுத்துக்கொள்வதை அந்தப் பக்கத்தில் ஜுரம் என்பார்கள் என்று அவளே விளக்கினாள். நாலாவது முறை உரித்து எழுந்ததும் அது தின்னுகிற தீனிதான் மொத்த வளர்ப்பிலும் பெரிய தீனி. ஏழெட்டு நாள் விடாமல் இலை போடவேண்டும். ஒரு வேளை தவறினால் கூடு கட்டும்போது தெரிந்துவிடும். கணவன் சீர் எடுத்துக்கொண்டு போய்விட்டால் வீட்டில் இவள் ஒருத்திதான். கொழுந்தன் பெங்களூரில் வேலையில் இருக்கிறான்.

"இப்ப அந்தக் கொழுந்தனுக்குத்தான் கல்யாணம்க்கா. திருப்பதியிலதான். அண்ணி வரமாட்டேன்னு சொல்லிக்கினு இருக்காங்க. அவங்க வரலன்னா நாத்தனார் முடிச்சு யாரு போடறது? கூடப் பொறந்த பொம்பளை அவங்க ஒருத்தர்தானே. எங்க வீட்டுக்காரு அக்காவையும் ஒண்ணும் சொல்ல முடியாம, என்னையும் ஒண்ணும் சொல்ல முடியாம, தலையைக் குனிஞ்சிக்கினே சோறு துன்றாரு."

எங்கள் பக்கத்துக் கல்யாணங்களில் மாப்பிள்ளை தாலியில் ஒரு முடிச்சுப் போடுவான். மற்ற இரண்டும் அவன் அக்காவோ தங்கையோ போடவேண்டியவை. அக்கா ஒருத்தி உயிரோடு இருக்கையில் வேறொருத்தி அந்த முடிச்சைப் போட்டால், அந்தக் கல்யாணத்தைப் பற்றி ஊர் பேசுவது பேரன் பேத்தி காலம்வரை ஓயாது. கல்யாணத்துக்கு இன்னும் மூன்று வாரம் இருந்தது.

போனை வைத்துவிட்டு நான் செய்த முதல் காரியத்தைச் சொல்ல வெட்கமாக இருக்கிறது. 'மன்னிப்புக் கேட்க ஐந்து படிகள்' என்று ஒரு பதிவை எழுத ஆரம்பித்தேன். மூன்றாவது படியில் இருக்கும்போது கணவர் கடைக்குத் திரும்பி வந்து என் தோளுக்கு மேலாகத் திரையைப் பார்த்தார். "ஆழம் தெரியாம கால விட்டாச்சு. இப்ப கையையும் விடப்போறியா?" என்றார். எனக்கு வந்த கோபத்துக்கு அளவில்லை. அவர் சொன்னது சரி என்பதால் கோபம் இரண்டு மடங்காக இருந்தது. ஐந்து படிகளையும் அழித்தேன்.

"நான் நேர்லயே போய்ட்டு வரேன்" என்றேன்.

"டாக்டருங்களே வீட்டுக்கு வர்றதில்ல. ப்ளாக் எழுதறவ போறாளாம்" என்று சிரித்தார். ஆனால் ஞாயிற்றுக்கிழமை விடியற்காலையில் பஸ் ஸ்டாண்டு வரை வந்து ஏற்றிவிட்டவரும் அவர்தான்.

சித்தூர், பலமனேர் என்று பஸ் மாறிப் போனேன். பலமனேர் தாண்டியதும் காற்று குளிர்ந்துவிடும். பஸ்ஸில் ஒரு அம்மாள் கண்டக்டரிடம் தெலுங்கில் சண்டை போட்டுவிட்டு, என் பக்கம் திரும்பித் தமிழில் நியாயம் கேட்டார். நியாயம் அவர் பக்கம் இருப்பதாகச் சொன்னேன். ஒரு கொய்யாப்பழம் கொடுத்தார். பழம் நன்றாக இருந்தது.

என்னை முதன்முதலாகப் பார்க்கப்போகிற வாசகி என்பதால் நான் கொஞ்சம் அலங்காரமாகத்தான் போயிருந்தேன். தலை நிறைய மல்லிகை, முகத்துக்குப் பவுடர், புடவையில் லேசாக சென்ட். ரோட்டோரம் நிறுத்தத்தில் ஒல்லியாக ஒரு பெண் நின்றிருந்தாள். என்னைப் பார்த்ததும் அவள் முகம் மலர்ந்தது. கிட்டே வந்ததும் மூக்கைச் சுருக்கினாள்.

"அக்கா, கோவிச்சுக்காதீங்க. இந்த வாசனையோட புழு மனைக்குள்ள வரக்கூடாது. புழுவுக்கு ஆவாது."

அவள் வீட்டுக் கிணற்றடியில் என் மல்லிகையைக் கழற்றி வாங்கி வைத்தாள். பவுடர் போகும்வரை முகத்தைக் கழுவச் சொன்னாள். தன்னுடைய பழைய புடவை ஒன்றைக் கொடுத்துக் கட்டிக்கொள்ளச் சொன்னாள். புழு வளர்க்கும் மனையின் வாசலில் மருந்துத் தண்ணீரில் காலை நனைத்து, சுண்ணாம்புப் பொடியை மிதித்து, கையைக் கழுவிக்கொண்டு, இப்போது வரலாம் என்ற பிறகுதான் உள்ளே போனேன். 'உங்களை நீங்களாகவே முன்வையுங்கள்' என்று நான் ஒரு பதிவு எழுதியிருக்கிறேன். அன்றைக்குத்தான் நான் நானாக இருந்தேன் என்று சொல்லலாம், பவுடர் இல்லாமல்.

உள்ளே நீளநீளமாகப் பரண்கள். பரண் முழுக்க மல்பெரிக் கொம்புகள். கொம்புகள் மேல் விரல் நீளத்துக்கு வெள்ளை வெளேரென்று புழுக்கள், கண்ணுக்கு எட்டும்வரை. எல்லாம் தின்றுகொண்டிருந்தன. ஓட்டுக்கூரை மேல் மழை பெய்கிற மாதிரி ஒரு சத்தம். வெளியே எட்டிப் பார்த்தேன், நல்ல வெயில். சத்தம் புழுக்கள் இலையைக் கடிக்கிற சத்தம்தான். மூன்று மாதத்துக்கு முன்னால் இருந்த அதே கட்டம்தான் இப்போதும் என்றாள்.

நானும் கொம்புகளைப் பரப்ப ஆரம்பித்தேன். அரை மணியில் இடுப்பு பிடித்துக்கொண்டது. ஒரு கோடியிலிருந்து போட்டுக்கொண்டு மறு கோடிக்குப் போவதற்குள் முதல் கோடியில் வெறும் குச்சிதான் இருக்கிறது. இவள் விடியுமுன் எழுந்து இலை வெட்டப் போகிறாள். இவளுக்கு நான் 'காலை ஐந்து மணிக்கு எழுவதன் ஏழு நன்மைகள்' எழுதியிருக்கிறேன். அதையும் படித்தாயா என்று கேட்டேன். "படிச்சேன்க்கா. அஞ்சு மணி வரைக்கும் தூங்கலாம்னு போட்டிருந்தீங்க, நல்லா இருந்துச்சு" என்றாள். கிண்டல் செய்கிறாளா என்று பார்த்தேன். செய்யவில்லை. அதனால்தான் அவ்வளவு சிரிப்பு வந்தது.

சிரித்து முடித்ததும்தான் எனக்கு உறைத்தது. காரணம் சொல்லாதே என்று இவளிடம் சொன்னேன். இவளுடைய காரணம் இதோ ஒரு மனை நிறைய உயிரோடு இருக்கிறது. இதைப் பார்த்த எவரும் இவளைத் தப்பாக நினைக்க மாட்டார்கள். இருந்த ஒரே நல்ல பதிலின் வாயை நான் மூடிவிட்டேன்.

"உங்க அண்ணி இதைப் பார்த்ததே இல்லையா? இது அவங்க பொறந்த வீடுதானே?"

"அவங்க இங்க இருந்தப்ப நெலமே இல்லக்கா. கூலிக்குப் போய்க்கினு இருந்தாங்க எல்லாரும். நெலம் வாங்கி, மல்பெரி போட்டு, புழு வச்சது எல்லாம் அவங்க கல்யாணத்துக்கு அப்புறம். வந்தாலும் வாசல்ல உக்காந்து பேசிட்டுப் போய்டுவாங்க. வெளி ஆளுங்களை உள்ள விடறதில்ல. திஷ்டின்னு ஒண்ணு, நோவுன்னு ஒண்ணு."

நான் வாயைத் திறக்குமுன் அவளே சொன்னாள்: "காலைலயே போன் பண்ணிட்டேன்க்கா அண்ணிக்கு."

"மன்னிப்பு கேட்டியா?"

"இல்ல. ஆளு பத்தல, புழு பசில கெடக்குது, வந்து இலை போட்டுக் குடுங்கன்னு சொன்னேன். பதில் சொல்லாம வச்சுட்டாங்க."

'யாரையும் சார்ந்திருக்காதீர்கள்' என்றும் நான் ஒரு பதிவு எழுதியிருந்தேன். அதை அவள் படித்திருக்கக்கூடாது என்று வேண்டிக்கொண்டேன். பதினோரு மணி ஆயிற்று, பன்னிரண்டு ஆயிற்று. ஒவ்வொரு முறை ரோட்டில் ஆட்டோ சத்தம் கேட்கும்போதும் அவள் கை நிற்கும். ஆட்டோ தாண்டிப் போனதும் மறுபடி கொம்பை எடுப்பாள். அவள் கணவன் வந்து கட்டுக்கட்டாக இலையை இறக்கிப்போட்டுவிட்டு, ரோட்டைப் பார்த்துவிட்டு, தோட்டத்துக்குப் போவான்.

ஒரு மணி வாக்கில் ஒரு ஆட்டோ நின்றது.

இறங்கிய அம்மாளுக்கு நாற்பத்தைந்து வயதிருக்கும். நல்ல உயரம். கையில் ஒரு தூக்குச் சட்டி. தம்பி பெண்டாட்டியைப் பார்க்காமல், என்னையும் பார்க்காமல், நேராகக் கிணற்றடிக்குப் போனார். தலையிலிருந்த கனகாம்பரத்தைத் தானே எடுத்து வைத்தார். "காலை எங்க கழுவணும்?" என்று சுவரைப் பார்த்துக் கேட்டார். இவள் ஓடிப்போய் மருந்துத் தண்ணீரைக் காட்டினாள்.

உள்ளே வந்தவர் நின்றுவிட்டார். ஒரு பரணைப் பார்த்தார், அடுத்ததைப் பார்த்தார். மழைச் சத்தத்தைக் கேட்டு, நான் செய்தது போலவே வெளியே வெயிலைப் பார்த்தார். பிறகு புடவையை இழுத்துச் செருகிக்கொண்டு ஒரு இலைக் கட்டை அவிழ்த்தார். நாங்கள் மூன்று பேரும் இலை போட்டோம். மூன்றாவது பரணின் கடைசிக்கு வந்ததும், கொம்பை வைத்துவிட்டு முதுகை நிமிர்த்தி, முதன்முறையாக அவள் முகத்தைப் பார்த்தார்.

"எம் பொண்ணு விசேஷத்தப்ப இது இப்படித்தான் இருந்துச்சா?"

"ஆமா அண்ணி."

"இத்தை நீ ஒருத்தியாவே பாத்துக்கினு இருந்தியா?"

"ஆமா அண்ணி."

"அடிப்பாவி. இத்தை அன்னைக்கே சொல்லியிருந்தா இன்னா? நானே ரெண்டு ஆளை அனுப்பிச்சிருப்பேனே. சீரு தூக்கற நேரத்துக்கு ஒன்ன ஆட்டோ வச்சுக் கூட்டிக்கினு வந்து, ஒரு மணி நேரத்துல திருப்பி வுட்டிருப்பேனே. மூணு வாட்டி கேட்டேனே! வாயில கொழுக்கட்டையா வச்சிருந்தே?"

அவள் அழுதுகொண்டே சொன்னாள்: "காரணம் சொல்ல வாணாம்னு ஒருத்தங்க சொன்னாங்க அண்ணி."

"எவ அவ?"

நான் கையில் ஒரு கட்டு மல்பெரிக் கொம்புகளோடு, இரவல் புடவையில், பவுடர் இல்லாமல் நின்றுகொண்டிருந்தேன். ஓடுவதற்கு இன்னொரு வாசல் அந்த மனையில் இல்லை.

"நான்தாங்க" என்றேன்.

அந்த அம்மாள் என்னை மேலிருந்து கீழ்வரை பார்த்தார். கூலிக்கு வந்தவள் என்று அதுவரை நினைத்திருந்திருக்கிறார். "நீங்க யாரு?" என்று ஆரம்பித்தவர், திருப்பதி, ப்ளாக், பதிவு என்று நான் விளக்கி முடிப்பதற்குள் 'நீ'க்கு இறங்கிவிட்டார்.

"எங்க வீட்டுல யாரு இருக்காங்க, இன்னா விசேஷம்னு ஒனக்குத் தெரியுமா?"

"தெரியாதுங்க."

"கேட்டியா?"

"கேக்கலைங்க."

"ஒனக்கு நாத்தனாரு இருக்காங்களா?"

"இல்லைங்க. அவரு ஒரே பிள்ளை."

"அதான்!" என்றார். அந்த ஒரு வார்த்தையில் என் வலைப்பூ மொத்தத்தையும் மதிப்பிட்டு முடித்துவிட்டார். பிறகு என் கையைப் பார்த்து, "கொம்பை இப்படி மேல மேல அடுக்காத. புழு நசுங்கும். பரப்பிப் போடு" என்றார். உள்ளே வந்து ஒரு மணி நேரம்தான் ஆகிறது, அதற்குள் எனக்குச் சொல்லிக்கொடுக்கிறார். எனக்கு வந்தது கோபமே இல்லை. சிரிப்புத்தான் வந்தது. முதலில் நான் சிரித்தேன், பிறகு அழுதுகொண்டிருந்தவள் சிரித்தாள். கடைசியில் அந்த அம்மாளுக்கும் உதடு கோணியது.

தூக்குச் சட்டியில் களியும் கீரைக் குழம்பும் கொண்டுவந்திருந்தார். போனைப் பதில் சொல்லாமல் வைத்துவிட்டு அடுப்பைத்தான் பற்றவைத்திருக்கிறார் என்று அப்போதுதான் தெரிந்தது. மனைக்கு வெளியே வேப்பமரத்தடியில் நாங்கள் நாலு பேரும் உட்கார்ந்து சாப்பிட்டோம். அவள் கணவன் தலை நிமிர்ந்து சாப்பிட்டான். நான் இன்னும் ஒரு உருண்டை கேட்டு வாங்கிக்கொண்டேன்.

நான் கிளம்பும்போது அந்த அம்மாள் ஆட்டோ வரை வந்தார். "கல்யாணம் ஒங்க ஊர்லதான். மண்டபத்துல ரூம்பு ரெண்டுதான் குடுக்கறாங்களாம். எங்க வீட்டு ஆளுங்க தங்கறதுக்கு..." என்று இழுத்தார்.

ஃப்ரிட்ஜ் கதவில் ஒட்டியிருந்த காகிதம் என் கண் முன்னால் வந்தது. "எங்க வீட்டுக்கு வந்துருங்க" என்றேன்.

பதினான்கு பேர் வந்தார்கள். நாலு நாள் தங்கினார்கள். மஞ்சள் நீராட்டு நடந்த அந்த மகளும் வந்திருந்தாள்; என் ஃப்ரிட்ஜ் கதவைப் படித்துவிட்டு, "ஆன்ட்டி, அந்த ப்ளாக் நீங்கதானா?" என்று ஒரு மாதிரியாகப் பார்த்தாள். முகூர்த்தத்தன்று மாப்பிள்ளை ஒரு முடிச்சைப் போட்டதும் அந்த அம்மாள் குனிந்தார். இரண்டாவது முடிச்சைப் போட்டார். மூன்றாவதற்கு முன்னால் சற்று நிறுத்தி, பின்னால் விளக்குப் பிடித்துக்கொண்டு நின்ற தம்பி பெண்டாட்டியைத் திரும்பிப் பார்த்து, "கிட்ட வாயேன், வெளிச்சம் பத்தல" என்றார். மண்டபம் முழுக்க டியூப்லைட் எரிந்துகொண்டிருந்தது. அவள் கிட்டே வந்து நின்றாள். மூன்றாவது முடிச்சும் விழுந்தது. நான் வாய்விட்டு அழுதேன். பெண் வீட்டுக்காரர்கள் என்னை நெருங்கிய சொந்தம் என்று நினைத்து எனக்குத் தனியாக ஒரு தாம்பூலப் பை கொடுத்தார்கள்.

அந்தப் பதிவை நான் அழிக்கவில்லை. அதற்குக் கீழே நடந்ததை எழுதினேன். 'அருமை' என்று எழுதுகிறவர்கள் குறைந்துபோனார்கள். இப்போது யார் என்ன கேட்டாலும், யார் வீடு, என்ன விசேஷம், வீட்டில் யார் யார் என்று திருப்பிக் கேட்கிறேன். பலர் அதற்குப் பதில் எழுதத் தொடங்கி, எழுதிக்கொண்டிருக்கும்போதே, 'சரி மேடம், புரிந்துவிட்டது' என்று போய்விடுகிறார்கள். என் உபதேசத்தால் இதுவரை யாருக்காவது நன்மை நடந்திருக்குமானால் அது நான் சொல்லாமல் விட்ட உபதேசத்தால்தான் என்று தோன்றுகிறது. இதைச் சொன்னால் என் கணவர், அப்படியானால் இன்னும் நிறைய எழுதாமல் இரு என்கிறார்.

கல்யாண வீட்டார் கிளம்பிப் போன அன்று மத்தியானம் கால் இரண்டும் வீங்கி, சோபாவில் சாய்ந்திருந்தேன். போன் வந்தது. அரக்கோணத்து சித்தி மகள். நாளைக்குக் காலையில் தரிசனத்துக்கு வருகிறார்களாம்.

கணவர் ஃப்ரிட்ஜ் கதவைச் சுட்டிக்காட்டினார். நான் தலையாட்டிவிட்டு, கல்யாணமாகி வந்த பன்னிரண்டு வருஷத்தில் முதன்முறையாக வாயைத் திறந்து காரணத்தைச் சொன்னேன். நாலு நாளாகப் பதினான்கு பேர், கல்யாணம், கால் வீங்கியிருக்கிறது, நிற்க முடியவில்லை, இந்த வாரம் என்னால் ஆகாது.

அவள் பதறினாள். "ஐயோ, இத்தனை வருஷமா ஒரு வார்த்தை சொன்னதில்லையேடி. நாங்க வந்தா ஒனக்குச் சந்தோஷம்னு இல்ல நெனைச்சுக்கினு இருந்தோம்? நீ படு. கால மேல தூக்கி வச்சுக்கோ. நாங்க அடுத்த வாரம் வந்துக்கறோம், சமையலை நான் பாத்துக்கறேன்."

"எத்தனை பேரு?" என்றேன்.

"பதினொண்ணு" என்றாள்.

"வாங்க" என்றேன். மனசாரத்தான் சொன்னேன்.